மைக்ரோவேவில் வைத்த முட்டை

எட்டு வயதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிரெஞ்சு தெரியும், மெட்ரோ வழி தெரியும், மைக்ரோவேவ் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியும். ஆகவே சண்டைக்குப் பிறகு வன்னியிலிருந்து சித்தப்பா தனியாகக் கடல் கடந்து, வில்லரே பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவரைத் திருத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முந்திரிக்கொட்டை என்று அம்மா ஏசுவார். சித்தப்பாவிடம் பழைய கதை ஒன்றும் கேட்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

சித்தப்பாவுக்கு அந்தப் பெட்டியில் நம்பிக்கை வரவில்லை. "நெருப்பில்லாமல் என்னண்டு பிள்ளை சூடாகுது?"

கண்ணுக்குத் தெரியாத அலை சாப்பாட்டிலுள்ள தண்ணீரை அசைத்து அசைத்தே சூடாக்கும், கதவிலுள்ள வலையின் ஓட்டைகள் அலையைவிடச் சின்னவை என்பதால் அது வெளியே வராது என்று ஒப்புவித்தேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். ஆனாலும் பெட்டி ஓடும்போது என்னைப் பிடித்துத் தள்ளி நிறுத்திவிடுவார்.

பனி கொட்டிய ஒரு விடுமுறை நாள். அப்பா புவாண்ட்-கிளேர் புறநகரில் வேர்ஹவுஸ் வேலைக்குப் போய்விட்டார். அம்மாவும் முதல்முறையாக என்னைச் சித்தப்பாவிடம் தனியே விட்டு, அரை மனதோடு படியிறங்கினார்.

"குளிர்ச் சாமான் திண்டால் தடிமன் பிடிக்கும்" என்று, பிரிட்ஜிலிருந்த அவித்த முட்டையைச் சித்தப்பா உரிக்காமல் கோதோடு மைக்ரோவேவில் வைத்தார். கோதுக்குள்ளிருந்து நீராவி வெளியே போக வழி ஏது? டமார் என்று வெடித்தது. கதவு திறந்து சுவரெல்லாம் முட்டை.

நான் தரையில் கிடந்தேன். என் மேல் சித்தப்பா. எப்போது விழுந்தோம் என்றே தெரியவில்லை. அவருடைய நெஞ்சு என் முதுகில் படபடவென்று அடித்தது. எனக்குப் பயம் பிடித்தது. முட்டையால் அல்ல, அவரால்.

"எழும்பாதை! இன்னொண்டு வரும்."

"ஒரு முட்டைதானே வைச்சனீங்கள், சித்தப்பா."

அவருக்குக் கேட்கவில்லை. ஒரு கையால் என்னை அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் மேசைக்கடியிலும் கதிரைக்கடியிலும் தரையைத் தடவினார். "சின்னவன் எங்கை? சின்னவனைக் காணேல்லை."

"இங்கை நான் மட்டுந்தான் பிள்ளை" என்று திருத்தினேன்.

பின்னேரம் அம்மா வந்ததும் நடந்ததையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். சின்னவனைத் தேடிய இடம் வந்தபோது அம்மா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். சித்தப்பா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, துடைத்த சுவரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்றுகூட மனுசனுக்குத் தெரியவில்லையே என்றுதான் எனக்கு அப்போது பட்டது.