சூப் அண்டாவில் வெந்த பந்து

மர லேனில் பந்தை உருட்டிப் பத்து பின்களைச் சாய்க்கிற வியாழக்கிழமை பௌலிங் லீக்கில் டெல்மர் குக்டா பேர் வாங்கியது பந்து வீசுவதில் அல்ல, பந்தைத் துடைப்பதில். வீசிய பந்து உருண்டு திரும்பி வந்ததும் இடுப்பில் செருகிய துண்டை உருவி, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுகிற மாதிரி ஒரு சுற்றுத் துவட்டுவார். பிறகு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், உபதேசம்.

"லேன்ல பூசியிருக்கிற எண்ணெயைப் பந்து குடிக்குதுப்பா. குடிச்ச பந்து வளையாது, வழுக்கிட்டு நேரா ஓடும். அப்பப்போ துடைக்கிறவனுக்கு அந்தக் கவலையே இல்லை. எண்ணெய் எடுக்கிற மெஷின்ல கொண்டுபோய் வைக்கிறவன் எல்லாம் சோம்பேறி."

அந்த மெஷின் கவுன்ட்டர் பக்கத்திலேயே, மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கத்து மொத்த ஜனமும் பார்க்கிற இடத்தில் இருந்தது. அதில் பந்தை வைத்துவிட்டுத் தலை குனிந்து நிற்கிறவர்களை டெல்மர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார்.

அப்படிப்பட்டவரின் பந்துதான் அந்தத் தவக்காலத்தில் வளைய மறுத்தது. துடைத்தார், தேய்த்தார், ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தார். பந்து மொடாக்குடியன் மாதிரி வழுக்கிக்கொண்டே போய், ஓரத்துப் பின் ஒன்றைத் தட்டிவிட்டுப் பள்ளத்தில் விழுந்தது. இறுதிச் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தது. மெஷினிடம் போவதைவிட லீக்கையே விட்டுவிடலாம். எண்ணெய் இறங்க வீட்டு ஓவனில் வைத்துச் சூடு காட்டலாம் என்றால், போன வருஷம் அப்படிச் செய்து, அடுத்த நாள் பன்றி வறுவலில் லேன் எண்ணெய் வாசனை வந்து, மனைவி லோர்னா இரண்டு வாரம் பேசவில்லை.

ஆனால் அவரிடம் மாதா கோயில் நிலவறைச் சமையலறையின் சாவி இருந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் மீன் வறுவல் விருந்து. மீன் நறுக்கி மாவு கரைக்க விடிந்ததுமே வந்துவிடுகிறவர் அவர்தான்.

அங்கே, வருஷா வருஷம் விருந்துக்குச் சிப்பிச் சூப் வைக்கிற ஆர்டெல் ஸாஸ்ட்ரோவின் பெரிய அலுமினிய அண்டா இருந்தது. பந்து அளவெடுத்தாற்போல உள்ளே இறங்கியது. டெல்மருக்கு எண்ணெய் இறக்கும் முறை தெரியும். விரல் துளைகளை டேப்பால் அடைத்தார். பாத்திரச் சோப்பு விட்டார். கொதித்தால் பந்து விரிசல் விட்டுவிடும் என்பதால் கை பொறுக்கிற சூட்டில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சளாக ஏடு கட்டியது. இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்துப் பேசியதெல்லாம் பொய் என்று மிதந்து காட்டுகிற மாதிரி இருந்தது. அவர் வேறு பக்கம் திரும்பி மீன் நறுக்கினார். பிறகு தண்ணீரைக் கொட்டி, காகிதத் துண்டால் ஒரு துடைப்பு, குழாயில் ஒரு அலசல். துடைப்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை அப்போதும் குறையவில்லை.

சாயங்காலம் நீள மேசைகளில் கூட்டம் நிரம்பியது. அதில் பாதி, லீக்கில் ஆடுகிறவர்கள். முதல் கரண்டி சூப்பை வாயில் வைத்த நார்பர்ட் பிலார்ஸ்கி அப்படியே நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா, இது ஏழாம் நம்பர் லேனா, சூப்பா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். "நல்லா மோந்து பாருங்க. கிண்ணத்துல பந்தை உருட்டினா பத்து பின்னும் விழும்."

ஆர்டெல் கரண்டியோடு வெளியே வந்தார். எழுபதைத் தாண்டியவர். குளிர்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு முகம் சற்று ஒடுங்கியிருந்தது. "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல ஆர்டெல்," என்றார் நார்பர்ட். " டெல்மர், இங்க வா. எண்ணெய் விஷயத்துல நீதானே டாக்டர். மோந்து பாத்துச் சொல்லு."

டெல்மர் கையில் மாவு வழிய வந்தார். குனிந்தார். அது அவருடைய பந்தேதான். தன் சட்டை வாசனை மாதிரி அவ்வளவு தெரிந்த வாசனை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"லேன் எண்ணெயெல்லாம் இல்லப்பா," என்றார். "வெங்காயம் கருகியிருக்கு."

ஆர்டெல் கிண்ணத்தை வாங்கி மோந்தார். இன்னொரு முறை மோந்தார். பிறகு கிண்ணத்தோடு உள்ளே போனார். டெல்மர் பின்னால் போனபோது அவர் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலோட மூக்கு போயிடுச்சுன்னு எனக்கே சந்தேகம் இருந்துச்சு. கருகினதுகூடத் தெரியல. இனிமே வேற யாராவது வைக்கட்டும்."

ஏப்ரனை மடித்தார். ஓரம் சரியாக இல்லையென்று பிரித்து மறுபடி மடித்தார். டெல்மருக்கு வெளியே ஓடிப்போய் மெஷினுக்குள் தானே உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

"கருகல ஆர்டெல். காலைல இந்த அண்டாவுல என் பந்தை ஊற வெச்சேன்."

வறுவல் சட்டியின் சத்தத்தில் ஆர்டெலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகியதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் பரிமாறும் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே பேச்சு நின்றது.

"பந்தையா?" என்றார் ஆர்டெல்.

"துளையை எல்லாம் டேப் போட்டு அடைச்சுத்தான் வெச்சேன்."

"ரொம்ப சுத்தம்தான்," என்றார் ஆர்டெல். ஜன்னலுக்கு அப்பால் நார்பர்ட், "துடைக்கிறவனுக்குக் கவலையே இல்லைன்னு சொன்னியேப்பா!" என்று கத்த, சிரிப்பு பொங்கியது. டெல்மருக்குக் காது மடல் எரிந்தது. இதற்குப் பயந்துதான் பொய் சொன்னார். இப்போது அந்தச் சிரிப்பு அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஏனென்றால் ஆர்டெல் சிரிக்கவில்லை.

"அண்டாவுல எண்ணெய் இருந்தது உங்க தப்பு. சரி. அது எனக்குத் தெரியாமப் போச்சே, அது யார் தப்பு? ஊருக்கே தெரிஞ்சுது டெல்மர். எனக்குத் தெரியல."

டெல்மர் மிச்சச் சூப்பைக் கொட்டினார். அண்டாவை எடுத்துப்போய்த் தேய்க்க ஆரம்பித்தார். மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டுத் தேய்த்தார். வெகுநேரம் கழித்து ஆர்டெலின் செருப்பு பக்கத்தில் தெரிந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை நான் கிண்டும்போது நீங்க பக்கத்துல நிக்கணும். மோந்து பாத்துச் சொல்லணும். உள்ளதைச் சொல்லணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை நின்றார். முந்தின நாள் லீக்கில் பந்தை எல்லார் கண் முன்னாலும் மெஷினில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். நார்பர்ட் நலம் விசாரித்தார். பந்து அழகாக வளைந்தது. இந்தத் தடவை உபதேசம் இல்லை.

ஆர்டெல் வெண்ணெயில் வெங்காயத்தைப் போட்டுக் கிண்டினார். மாவு அளக்க அந்தப் பக்கம் திரும்பினார். அதற்குள் அண்டாவின் அடியிலிருந்து மெல்லிதாக ஒரு வாசனை கிளம்பியது. டெல்மர் குனிந்து மோந்தார். வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி மோந்தார்.

"என்ன?" என்றார் ஆர்டெல்.

டெல்மர் கண்ணை அண்டாவிலிருந்து எடுக்கவில்லை.

"வெங்காயம் கருகுது."

ஆர்டெல் அவரைப் பார்த்தார், அண்டாவுக்குள் பார்த்தார்; அடியில் வெங்காயம் நிஜமாகவே கறுத்திருந்தது. பிறகு கையை நீட்டித் தீயைக் குறைத்தார்.