பதினொரு கைகள்

குஞ்சித்தம்பி காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர். தோளிலிருந்த மூட்டையை இறக்காமலே, "போடியார், உங்கட எதிராளி மவுத்தாப் போயிட்டாரு" என்றார். பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எனக்கு எதிராளி ஒருவர்தான். முதலில் வருத்தப்பட்டேன். பிறகுதான் கிராமச் சங்கத் தேர்தலுக்கு ஒன்பது நாளே இருப்பது நினைவுக்கு வந்தது. அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்காக எழுதும் குறிப்பில் இந்த வரிசையில் சொல்வதே முறை.

அவர் மட்டக்களப்பு நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதி எழுதும் வேலை பார்த்தார். ஊரிலுள்ள பாதி வயல்களின் உறுதிகள் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. அவருக்கென்று ஒரு வயலும் இருக்கவில்லை; நானோ போடியார், ஊர் வயல்களில் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரன். என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்; ஆகவே எனக்கு மச்சான். ஐந்து தேர்தல்களில் என்னை எதிர்த்து நின்றார். ஐந்திலும் தோற்றார்.

முதல் தேர்தலின்போது ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் கூடி, போட்டி வேண்டாம், நானே சங்கத் தலைவராக இருக்கட்டும் என்று முடித்திருந்தார்கள். அன்று மாலை குஞ்சித்தம்பி வீட்டுக்கு வந்து, தான் நிற்கப்போவதாகச் சொன்னார். என்னில் என்ன குறை கண்டார் என்று கேட்டேன்.

"உன்னில ஒரு குறையும் இல்ல மச்சான். கலியாணத்துக்கே ரெண்டு பேர் வேணும். தேர்தலுக்கு ஒருத்தர் போதுமா?"

என் மனைவி சிரித்தாள். தமையன் பேச்சுக்கு அவள் எப்போதும் சிரிப்பாள்.

அந்த நாட்களில் வாக்களிப்பது கையைத் தூக்கித்தான். பள்ளிக்கூட வளவில், தேர்தலை நடத்தும் பகுதித் தலைவரான வன்னியனார் நாற்காலியில் இருப்பார். வேட்பாளர்கள் அவருக்கு இருபுறமும் சனங்களைப் பார்த்து நிற்போம். எனக்காக எழுந்த கைகளை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டார்கள். குஞ்சித்தம்பிக்கு இரண்டு கைகள். ஒன்று அவருடையது. மற்றது கதிராமனுடையது. கதிராமன் என் முல்லைக்காரர்; என் வயலைப் பொறுப்பெடுத்துச் செய்தவர். அடுத்த போகத்துக்கு அந்த வயலை வேறொருவருக்குக் கொடுத்தேன். கதிராமன் வரம்பை ஒழுங்காகக் கட்டவில்லை என்று காரணம் சொன்னேன். வரம்பு ஒழுங்காகத்தான் இருந்தது.

குஞ்சித்தம்பி சண்டைக்கு வரவில்லை. வெல்லாவெளிப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் பேசி கதிராமனுக்கு வயல் எடுத்துக்கொடுத்தார். சாமான்களை வண்டியில் ஏற்றித் தானே கொண்டுபோய் விட்டார். திரும்பும் வழியில் என்னிடம் வந்தார். "நீ கெட்டவன் இல்ல மச்சான். உனக்குக் கண் தெரியுது. அதுதான் கரைச்சல்" என்றார்.

அதன் பொருள் இரண்டாவது தேர்தலில் விளங்கியது. எல்லோரும் வாவிக்கரையில் ஒரே வரிசையாக, வாவியைப் பார்த்து நின்று கை தூக்க வேண்டும் என்று வன்னியனாரிடம் கேட்டிருந்தார். வேட்பாளர்கள் வரிசையின் இரு அந்தங்களிலும் அப்படியே நிற்க வேண்டும். பின்னால் நின்று எண்ணுபவர் வெளியூர் எழுத்தராக, எங்கள் ஊரில் ஒருவரையும் தெரியாதவராக இருக்க வேண்டும். தலையைத் திருப்பியவரின் வாக்கு செல்லாது. மறுத்தால் பயந்துவிட்டேன் என்பார்களே என்று நான் சம்மதித்தேன். வன்னியனாரும் எங்களோடு வாவியைப் பார்த்து நின்றார். அவருக்கும் ஊரில் வயல் இருந்தது.

எனக்கு எழுந்த கைகளைக் கடைசிவரை எண்ணினார்கள். பிறகு அவருக்கு எண்ணினார்கள். எழுத்தர் "பதினொண்டு" என்றார்.

அவருடைய சொந்தக் கையைக் கழித்தால் பத்து. ஊரில் என்னை வேண்டாதவர் பத்துப் பேர். அவர்கள் யார் என்று தெரியாது. மறுநாள் எதிர்ப்பட்ட எல்லோரும் எனக்குச் சிரித்த முகம் காட்டினார்கள். அந்தப் பத்துப் பேரும் காட்டியிருப்பார்கள். யாருக்கு வயலை மறுப்பது என்று தெரியாததால் அந்தப் போகம் ஒருவருக்கும் மறுக்கவில்லை. ஊரில் இதை என் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அன்று எங்கள் முகங்களைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பெரியகல்லாற்று மீனவர், தோணியில் அந்த வழியே போனவர். ஆள் அனுப்பி அவரை அழைத்து விசாரித்தேன். "ஊரே திரண்டு ஒருநாளும் பாக்காத மாதிரி வாவியப் பாத்துக்கொண்டு நிண்டிச்சி, போடியார். நான் வலையப் பாத்துக்கொண்டு போயிட்டன்" என்றார். குஞ்சித்தம்பி அவரோடு முன்கூட்டியே பேசியிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

கடைசியில் குஞ்சித்தம்பியிடமே கேட்டேன், அந்தப் பத்துப் பேர் யார் என்று.

"எனக்கும் தெரியா மச்சான். தெரிஞ்சா நன்றி சொல்லவேணும். நான் நன்றி சொல்லப் போனா, நீ பாத்திடுவாய்."

தோற்றவர் வீட்டோடு இருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு சங்கக் கூட்டத்துக்கும் வந்து கதவோரத்து வாங்குப் பலகையில் இருந்தார். "வெண்டவன ஊர் பாத்துக்கொள்ளும். தோத்தவன்தான் ஊரப் பாக்கவேணும்" என்பார். ஒரு மாரியில் வாவி நிறைந்து வயல்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மணல் மூடிய முகத்துவாரத்தை உடனே வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும்படி அரசாங்க ஏசண்டுத்துரைக்கு மனு எழுதினோம்; "ஊரார் ஏகமனதாக" என்று தொடங்கியிருந்தோம். குஞ்சித்தம்பி எழுந்து, முகத்துவாரம் வெட்டினால் றாலெல்லாம் கடலோடு போய்விடும், வலைகாரர்களின் மனதும் இந்த ஏகமனதுக்குள் இருக்கிறதா என்று கேட்டார். சங்கத்தில் வலைகாரர் ஒருவரும் இல்லை. அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, "ஏகமனதாக" என்பதை வெட்டி, நான்கு நாள் கழித்து வெட்டும்படி மனுவை மாற்றினோம். அந்த நான்கு நாளில் வலைகாரர்கள் றாலை அள்ளினார்கள். என் பள்ளக்காணி மூழ்கி அழுகியது. அடுத்த தேர்தலில் வலைகாரர்கள் நன்றியோடு அவருக்குக் கை தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்போதும் பதினொன்றுதான். "தோத்தாச்சே" என்று கேட்டதற்கு, "றால் நல்லா இருந்திச்சி" என்றார்.

இம்முறை தேர்தல், அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள். ஒருவரும் எதிர்த்து நிற்கவில்லை. கோயிலில் கூடும் வேலைகூடப் பெரியவர்களுக்கு இருக்கவில்லை. வன்னியனார் கடதாசியை நீட்டி, "போடியார், கையெழுத்தப் போடுங்க. வெயிலுக்கு முந்திப் போவம்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். சனங்கள் பழக்கத்தில் வாவிக்கரைக்குப் போய் வரிசையாக நின்றுவிட்டிருந்தார்கள். வடக்கு அந்தத்தில் குஞ்சித்தம்பி நிற்கும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

என்னை வேண்டாதவர்களின் கைகளை எண்ணச் சொன்னேன். அப்படி எண்ணச் சட்டத்தில் இடமில்லை என்றார் வன்னியனார். வாவியைப் பார்த்து நிற்பதற்கும் சட்டத்தில் இடமில்லை, பன்னிரண்டு வருடமாக நிற்கிறோம் என்றேன். அவர் கடதாசியை மடித்துக்கொண்டு எங்களோடு வந்து நின்றார். நான் தெற்கு அந்தத்தில் என் இடத்தில் நின்றேன். போடியாரை வேண்டாதவர்கள் கை தூக்கலாம் என்று வன்னியனார் அறிவித்தார். எழுத்தர் இரண்டு தரம் எண்ணினார்.

"பதினொண்டு."

"குஞ்சித்தம்பியர் இல்லாம எப்பிடிப் பதினொண்டு?" என்று வன்னியனார் வாவியைக் கேட்டார். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

நான் கையெழுத்திட்டேன். கடதாசியில் "போட்டியின்றி" என்றே எழுதியிருக்கிறது.

அவரை அறிந்தவர்கள் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல முடியாது. அந்தப் பத்துப் பேர் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது, கேட்கப்போவதுமில்லை. பதினோராவது கை என்னுடையது.