டிராயரில் இருந்த அடாப்டர்

பேய், பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. சித்தூரில் பல வருஷமாக இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். "சார், ராத்திரியானா லைட்டு தானா எரியுது, வீட்டுல இன்னாவோ இருக்குது" என்று கூப்பிட்ட வீடுகள் எத்தனையோ. போய்ப் பார்த்தால் எர்த் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் எலி கடித்திருக்கும். கடிபட்ட வயரை நறுக்கி வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "இந்தாங்க உங்க பேய்" என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி எழுந்து பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சாட்சி கிடையாது.

எனக்கு ஒரே ஒரு கிறுக்கு, ஹாம் ரேடியோ. லைசென்ஸ் வாங்கி, மாடியில் கம்பி கட்டி, முகம் தெரியாதவர்களோடு ராத்திரி முழுக்கப் பேசுவேன். தூரத்து நாடுகள் ராத்திரியில்தான் நன்றாகக் கேட்கும். என் மனைவி ரேவதி, "பக்கத்து வூட்டுக்காரங்க பேரு தெரியாது, பிரேசில்ல இருக்கறவன் பேரு தெரியும்" என்பாள். சும்மா சொல்லக் கூடாது, உண்மைதான்.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ரேடியோவில் ஒரு இரைச்சல் வந்து உட்கார்ந்தது. காலை ஐந்தரைக்குப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. என்ன விசித்திரம் என்றால் அது ஒரே சீராக இல்லை. ஸ்ஸ் என்று ஏறும், இறங்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஏறும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, சின்ன டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு நடந்தால் இரைச்சல் எங்கே அதிகமாகிறதோ அங்கேதான் குற்றவாளி. நாய்கள் எல்லாம் பின்னாலேயே வந்தன. டிரான்சிஸ்டர் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது எதிர்வீட்டு முனிரத்தினம் அண்ணா ஜன்னலில்.

அவர் நகரியில் விசைத்தறி ஓட்டியவர். தறியை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி கௌரி அக்காவோடு சித்தூருக்கு வந்துவிட்டார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். திருப்பதி டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்திருந்தார். மூக்கில் முகமூடி மாட்டிக்கொண்டு படுத்தால் ராத்திரி முழுக்கக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மெஷினோடு வந்த அடாப்டர் எரிந்துபோய் எங்கோ ஒரு டூப்ளிகேட் வாங்கியிருந்தார்கள். அதுதான் இரைச்சல். அவர் மூச்சை இழுத்தால் மோட்டார் வேகமெடுக்கும், என் ரேடியோவில் ஏறும். விட்டால் இறங்கும். நான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது எதிர்வீட்டுக்காரர் மூச்சு.

வயரில் இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் வளையம் மாட்டிக் கொடுத்தேன். பாதி குறைந்தது. மீதியோடு பழகிக்கொண்டேன். சில ராத்திரி பேச ஆள் கிடைக்காவிட்டால் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதோடு விட்டிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு ராத்திரி எங்கள் ஆட்களுக்குள் ஒரு போட்டி உண்டு, விடிவதற்குள் யார் அதிக நாடுகளைப் பிடிக்கிறார்கள் என்று. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வெட்கமே இல்லாமல் அவர் வீட்டுக்குப் போய், "அண்ணா, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் மெஷின் போடாம இருக்க முடியுமா?" என்று கேட்டேன். கேட்கலாமா? கேட்டேன். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை.

"அதுக்கின்னா நைனா, மூஞ்சியில குல்லா மாட்டிக்கினு படுக்கறவனுக்கு ஒரு நாள் லீவு வுட்டா ஆவாதா? நீயே எடுத்துக்கினு போ. அக்காகிட்ட ரிப்பேருன்னு சொல்லிக்கறேன்."

அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தார். நான் கொண்டுவந்து மேஜை டிராயரில் போட்டேன்.

அன்றைக்கு ரேடியோ கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு நாடாகப் பிடித்து லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போனேன். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அந்த இரைச்சல் வந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இன்னொரு அடாப்டரை ஒளித்து வைத்துக்கொண்டு என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டாரே மனுஷர் என்று நினைத்து, லாக் புத்தகத்தில் 'இரைச்சல் மறுபடி' என்று பேனா கிழிகிற மாதிரி எழுதினேன். அந்த எழுத்து இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

அப்புறம்தான் கவனித்தேன், இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு மூச்சு. நிறுத்தம். இன்னொரு மூச்சு. அதைவிட நீண்ட நிறுத்தம். என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். நான் படித்தது தெலுங்கு மீடியம். பேசுவது, திட்டுவது, சாமி கும்பிடுவது எல்லாம் தமிழில், எண்ணுவது மட்டும் தெலுங்கில்தான் வரும். ஒக்கட்டி, ரெண்டு, மூடு. ஏழில் ஒரு மூச்சு வந்தது. அடுத்தது பதினொன்றில் வந்தது. அதற்கடுத்தது வரவில்லை. பந்தொம்மிதி, அதாவது பத்தொன்பது வரை எண்ணினேன். போட்டிக்காரனாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், அலை அவ்வளவு சுத்தமாகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன். கௌரி அக்கா தூக்கக் கலக்கத்தில் திறந்தார். "அண்ணா எங்க?" என்றேன். உள்ளே அவர் மல்லாந்து கிடந்தார், உதடு கறுத்திருந்தது. தூக்கி உட்காரவைத்து முதுகில் அறைந்தேன். நாலைந்து அறைக்கப்புறம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறவர் போல ஒரு மூச்சு இழுத்தார். அக்கா அழக்கூட மறந்து நின்றார்.

ஆம்புலன்ஸில் சித்தூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து திருப்பதி. பாகாலா தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. ஆக்ஸிஜன் பிடித்துக்கொண்டிருந்த பையன், "இன்ட்லோ மெஷின் உந்தா?" என்று கேட்டான். வீட்டில் மெஷின் இருக்கிறதா என்று.

"கீது, ஆனா அடாப்டரு ரிப்பேரு. இந்தத் தம்பிதான் எடுத்துக்கினு போச்சு" என்றார் அக்கா.

"இன்னொண்ணு இருந்துச்சே அக்கா, ராத்திரி போட்டிருந்தாரே?" என்றேன்.

"ஏது தம்பி இன்னொண்ணு? இருந்தது அது ஒண்ணுதான். மெஷினை நான்தான் பையில போட்டு பீரோ மேல வெச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் டிராயரை இழுத்துப் பார்த்தேன். நான் மாட்டிய ஃபெரைட் வளையத்தோடு அடாப்டர் அங்கேயே கிடந்தது. ராத்திரி முழுக்க என் முழங்கைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. பீரோ மேல் இருந்த பையையும் போய்ப் பார்த்தேன், ஜிப் போட்டபடி இருந்தது. அடுத்த ஒரு வாரம் டிரான்சிஸ்டரும் கையுமாகத் தெரு தெருவாக அலைந்தேன், தெருவிளக்கு, மீன் தொட்டி மோட்டார், செல்போன் சார்ஜர் எதையும் விடவில்லை. எலி கடித்த வயர் ஒன்று கிடைக்காதா என்று ஏங்கினேன். கிடைக்கவில்லை.

அவர் பிழைத்து வந்தார். மெஷினுக்குச் சரியான அடாப்டரை நானே தேடி வாங்கிக் கொடுத்தேன். அக்கா தெருவெல்லாம் என்னைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் வேண்டுதல் என்று காணிப்பாக்கத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். திருடினவனும், நிலத்தை அபகரித்தவனும் பொய் சொல்லப் பயப்படுகிற இடம் அது. குளக்கரையில் அக்கா பிரசாதத்தை என் கையில் வைத்தபோது வாய்க்குக் கொண்டுபோகாமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ரிப்பேரெல்லாம் இல்ல. என் போட்டிக்காக நான்தான் மெஷினை நிறுத்தச் சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். ஆஸ்பத்திரியிலயே சொல்ட்டாரு. நீயா எப்பச் சொல்றேன்னு பாத்துக்கினு இருந்தேன். துன்னு, மொதல்ல பிரசாதத்தைத் துன்னு." எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தின்றேன்.

அப்போதுதான் முனிரத்தினம் அண்ணா, அதுவரை படியில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அன்னைக்கு என் காதாண்ட யாரோ எண்ணிக்கினே இருந்தாங்க நைனா. தெலுங்குல. பந்தொம்மிதி வரைக்கும் கேட்டுது. அப்புறம் செருப்பில்லாத காலு ஓடற சத்தம்."

நான் எண்ணினேன் என்பதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை, ரேவதியிடம்கூட. எண்ணியது என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கை அமுக்காமல், வாய்க்குள்ளே.

இப்போது அவர் மெஷின் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்குகிறார், என் ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. கடையில் ஸ்க்ரூ எண்ணும்போது மட்டும் பந்தொம்மிதி வந்ததும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஒக்கட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். அன்றைக்கு, எண்ணியது நான்தான் என்று சொன்னதும், படியை விட்டு எழுந்திருக்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"பந்தொம்மிதிக்கு அடுத்ததையும் நீ எண்ணியிருந்தா நான் இன்னா ஆயிருப்பேன் நைனா?"