அமோஸ் கூடியரும் ஒற்றைக் கூஸ்பெரியும்

இங்கிலாந்தில், செஷயரில் பெக்லி என்ற ஊரில் அமோஸ் கூடியர் என்று ஒரு மனிதர் இருந்தார். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குவது அவர் தொழில். கூஸ்பெரி வளர்ப்பது அவரைப் பிடித்த பேய். நெல்லிக்காய்க்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க முட்செடிப் பழம் அது. பெக்லியில் வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் அதைத் தராசில் வைப்பார்கள். யார் பழம் கனமோ அவருக்கு ஒரு செப்புக் கெட்டில். அந்தக் கெட்டிலில் யாரும் டீ போட்டதில்லை, அந்தப் பழத்தை யாரும் தின்றதும் இல்லை. தின்னாத பழத்துக்கு எதற்கு இந்தப் பாடு என்று வெளியூர்க்காரன் எவனாவது கேட்டால், பாவம், பைத்தியம் என்று அவனைத்தான் பார்ப்பார்கள்.

அமோஸ் செடியிலிருக்கும் காய்களையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு ஒன்றே ஒன்றை விட்டுவைப்பார். அந்தக் காயின் அடி நனையும்படி சாஸரில் தண்ணீர் வைப்பார். வெயிலுக்கும் மழைக்கும் குடை கட்டுவார். அது அவர் மனைவி ஹெஸ்டரின் கல்யாணப் பரிசுக் குடை. செடி சொகுசாக நிற்க, ஹெஸ்டர் நனைந்துகொண்டே கோயிலுக்குப் போய் வந்தாள். இத்தனை செய்தும் அமோஸ் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கை நிற்காது அவருக்கு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் தண்ணீர் காட்டியதில், போட்டிக்கு முந்தின வாரம் காய் பட்டென்று வெடித்துவிடும். கெட்டில் எதிர் வீட்டு ரொட்டிக்கடைக்காரர் ஜாப் வெனபிள்ஸிடம் போய்விடும்.

இப்படிப்பட்டவரைத்தான் ராஜாங்கம் ஜெர்மனியோடு சண்டை போடக் கூப்பிட்டது. வலது பக்கம் திரும்பச் சொன்னால் அமோஸ் யோசித்துவிட்டுத் திரும்புவார். அதற்குள் பட்டாளம் பாதி மைதானம் தாண்டியிருக்கும். பிரான்சில் இடிந்துபோன ஒரு வீட்டின் பின்புறம் கூஸ்பெரிச் செடி ஒன்றைக் கண்டுபிடித்தார். தலையிலிருந்த இரும்புத் தொப்பியைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, காய்க்குக் கீழே வைத்துவிட்டார். வெறுந்தலையோடு பதுங்குகுழியில் நின்றவரை சார்ஜென்ட் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி ஊத்துறதுன்னா உனக்கு அவ்வளவு ஆசையா? அப்ப எல்லாருக்கும் ஊத்து."

அன்றிலிருந்து பெட்ரோல் வாடை போகாத டின்களில் முன்வரிசைக்குத் தண்ணீர் சுமப்பது அமோஸின் வேலை. தண்டனை என்றுதான் கொடுத்தார்கள். அவருக்கோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

1917 ஜூனில் லீவு கிடைத்து ஊருக்கு வந்தார். ஒரு வருஷம் கழித்து வந்த மனிதர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நேரே தோட்டத்துக்குப் போய்ச் செடிமுன் மண்டியிட்டுவிட்டார். ஜன்னல் வழியே பார்த்த ஹெஸ்டர் கதவைத் தாழ் போட்டாள்.

"அதுகிட்டயே டீ கேட்டு வாங்கிக் குடிய்யா."

வெகுநேரம் கெஞ்சியபின்தான் கதவு திறந்தது. திரும்பிப் போகும் நாள், ரயிலில் ஏறிக்கொண்டே அமோஸ் அவளிடம் ஒன்றுதான் கேட்டார். இந்த வருஷம் ஒரு காய் விட்டிருக்கிறேன், ஒரே ஒரு தடவை அது வெடிக்காமல் தராசுக்குப் போக வேண்டும் என்றார். உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் அவள் கையாட்டவும் இல்லை.

ஜூலை முதல் வாரம் அமோஸின் சாவுச் சேதி வந்தது. தண்ணீர் டின்னோடு போய்க்கொண்டிருந்தபோது பக்கத்தில் குண்டு விழுந்ததாம். ஹெஸ்டர் கோடரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அந்தக் காய் கோழிமுட்டை அளவுக்கு உருண்டு, குடைக்குக் கீழே மினுமினுவென்று தொங்கியது. கோடரியை வைத்துவிட்டு சாஸரில் தண்ணீர் ஊற்றினாள். அளவாகத்தான் ஊற்றினாள்.

போட்டிக்கு முந்தின நாள், எதிராளி ஒருவர் பார்த்திருக்கத்தான் பழம் பறிக்க வேண்டும் என்பது பெக்லி வழக்கம். ஜாப் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அவர் படலைத் திறக்கவும் இடி இடித்து மழை கொட்டவும் சரியாக இருந்தது. காற்றில் கல்யாணக் குடை கம்பி கம்பியாகப் போயிற்று. ஜாப் கோட்டைக் கழற்றிச் செடிமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, சட்டையோடு தொப்பலாக நின்றார்.

"அண்ணே, உங்க வீட்டுக் காயெல்லாம் மூடாம இருக்குமே" என்றாள் ஹெஸ்டர்.

"அது தெரியாமலா நிக்கிறேன்? பேசாமப் பறிம்மா" என்று எரிந்து விழுந்தார் ஜாப்.

அவர் வீட்டில் ஒன்றுவிடாமல் வெடித்திருந்தது. அதற்காக அவர் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் தராசில் அமோஸின் பழத்துக்குப் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை. அமோஸ் கூடியர் என்று பெயர் வாசித்தார்கள். கூடியிருந்தவர்கள் கை தட்டாமல் எழுந்து நின்றார்கள். கெட்டிலை ஹெஸ்டர் வாங்கிக்கொண்டாள். பிறகு தராசிலிருந்து பழத்தை எடுத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கடி கடித்தாள். பெக்லியில் யாரும் செய்யாத காரியம். ஜாப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அவள் மென்றாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மீதியை ஜாப்பின் கையில் வைத்தாள். அவரும் பயந்து பயந்து கடித்தார். புளிப்பில்லை, இனிப்பில்லை, ஒன்றுமே இல்லை. அவர் விழித்த விழியைப் பார்த்து ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சேதி வந்த நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

"வெறும் தண்ணிண்ணே. அந்த மனுஷனுக்குத் தண்ணி ஊத்த மட்டுந்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் அந்தச் செப்புக் கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள்.