காற்றுக் கோபுரத்தின் அடியில்

துபாயில் ஒரு பழைய வீட்டை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கூரைமேல் எழும் காற்றுக் கோபுரத்தின் அடியில் போய் நின்ற என் மகள், "அம்மா, இங்க வாயேன், ஜில்லுனு காத்து இறங்குது" என்றாள்.

எழுபதுகளில் இதுபோன்ற ஒரு வீட்டில்தான் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். ஏ.சி. கிடையாது. கோடையில் அம்மா தன் நூல் புடவையை நனைத்து, கோபுரம் அறைக்குள் இறங்கும் இடத்தில் குறுக்கே கட்டிவிடுவாள். ஈரத்துணி வாசமும் கடலுப்பு வாசமும் சேர்ந்து இறங்கும்.

ஒரு ஜூலையில் தம்பிக்குக் கடுங்காய்ச்சல். அவனுக்கு நான்கு வயது. அம்மா அவனைப் புடவைக்கு நேர்கீழே பாயில் கிடத்தினாள்.

"டூட்டி முடிஞ்சு வந்ததும் டாக்டர்கிட்ட போவோம். அதுவரைக்கும் புடவை காயாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அப்பா சைட்டுக்குப் போனார்.

முற்றத்துத் தொட்டியிலிருந்து நான்தான் தண்ணீர் சுமந்தேன். புடவை காயவே இல்லை.

அப்பா திரும்பியபோது தம்பியின் நெற்றி சில்லிட்டிருந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சுங்க" என்றாள் அம்மா.

அப்பா அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா புடவையை அவிழ்த்து, மறுபடி நனைத்து, அதே இடத்தில் கட்டினாள்.

"வாம்மா" என்றாள் மகள்.

"நீ நில்லு, நான் போட்டோ எடுக்கறேன்" என்றேன்.