படிக்கட்டில் கேட்ட பேச்சு

பேருந்தில் செக்கர் ஏறியதும் டிக்கெட் எடுத்தவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். எடுக்காதவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே அவர் பல வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டார். டிப்போவில் மட்டுமல்ல, தெருவிலும் சொந்தபந்தத்திலும் அவருக்குச் செக்கர் என்றே பெயர். பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பார். மருந்து வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். யாராவது "சத்தியமா சொல்றேன்" என்று ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து இந்தக் குணம் ஒன்றுக்குப் பத்தாகப் பெருகிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அக்கா பிரசவத்துக்குப் போனபோது கடைசி நிமிஷம் வரை "எல்லாம் சரியா இருக்கு" என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீடே நம்பியது. அக்கா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு யாரும் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லையே என்பது செக்கரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதனால் இப்போது அவர் எல்லாரையும் கேட்டார். கீழ் வீட்டு டாக்சிக்காரரை எழுப்பி, ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை ஒத்திகையாக ஓட்டிக் காட்டச் சொன்னார். ஸ்கேன் எடுக்கும் அறையில், மனைவியின் வயிற்றில் டாக்டரம்மா பசையைத் தடவிக்கொண்டிருந்தபோது, "இந்த மெஷினைக் கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணினாங்க?" என்றார். டாக்டரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வலிக்கிறது போல என்று அவர் நினைத்தார். கேட்ட கேள்வி மட்டும் அவருக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றி வைத்து, "இப்ப தெரியுதா? இது? இது?" என்று பொறுமையாகக் கேட்பாள். குரலை உயர்த்தத் தெரியாதவள். அப்படிப்பட்டவள் ஏழாம் மாதத்தில் வியாழக்கிழமைகளில் கடைக்கு அரைநாள் லீவு போட ஆரம்பித்தாள்.

"எங்க போற?"

"சும்மா, நடந்துட்டு வரேன்."

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. டூட்டி முடிந்து வந்த செக்கர் வாசலில் அவள் செருப்பைப் பார்த்தார். ஓரத்தில் மட்டும்தான் ஈரம்; அவ்வளவு மழையில் நடந்த செருப்பாகத் தெரியவில்லை. இன்னொரு வாரம், கட்டிலில் இருந்த தலையணைகளில் ஒன்று காணாமல் போய்ச் சாயங்காலம் தானாகத் திரும்பி வந்திருந்தது. புதன்கிழமை ராத்திரி ஆனால் போதும், "நாளைக்கு உங்களுக்கு எந்த ஷிப்ட்?" என்று அக்கறையாக விசாரிப்பாள். கட்டிய நாளிலிருந்து அவள் ஷிப்ட் கேட்டதே கிடையாது.

ஒத்தாசைக்கு வந்திருந்த மாமியாரைத் தனியாகப் பிடித்தார்.

"அத்தை, அவ எங்க போறா?"

"நடக்கத்தான் மாப்பிள்ளை. நடந்தா நல்லதுன்னு டாக்டரே சொல்லலையா?"

"டாக்டர் சாயங்காலம் நடக்கச் சொன்னாங்க. இவ உச்சி வெயில்ல போறாளே?"

"வெயிலும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு மாமியார் அடுப்பில் எதுவும் இல்லாத பக்கம் திரும்பிக் கிளற ஆரம்பித்தார்.

மறுநாள் அவர் சமையலறைக்குள் நுழைந்தபோது அம்மாவும் மகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் பேச்சு குழாய்த் தண்ணீருக்குத் தாவியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஜன்னலைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று செக்கருக்குத் தெரியாதா? டாக்டரம்மா இவர்களிடம் எதையோ சொல்லியிருக்கிறார், தன்னிடம் மறைக்கிறார்கள். குழந்தைக்கு ஏதோ கோளாறு. ஊரையே சோதிக்கிறவனுக்கு வீட்டிலேயே காது குத்துகிறார்கள். அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தூங்கும்போது வயிற்றின்மேல் கையை வைத்து உள்ளே அசைகிறதா என்று பார்ப்பார். அசையும். அப்போதும் சந்தேகம் போகாது. இது சரியான அசைவுதானா?

ஒரு நாள் பேருந்து நடத்துனர் ஒருவர் பேச்சோடு பேச்சாக, "உங்க வீட்டம்மாவ அடிக்கடி பார்க்கிறேன் சார், தண்ணித்தொட்டி ஸ்டாப்புல இறங்குவாங்க" என்றார். செக்கரின் முகம் மாறியதைக் கண்டு, "டிக்கெட் எல்லாம் கரெக்டா எடுத்துடுவாங்க சார்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை செக்கர் லீவு போட்டார். டூட்டிக்குப் போகிறவர் மாதிரியே சீருடையில் கிளம்பி, டிப்போவில் சட்டை மாற்றிக்கொண்டு, அவள் ஏறிய பேருந்தின் பின்னாலேயே வந்த இன்னொன்றில் ஏறினார். தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தால், கையில் தலையணைப் பையோடு அவள் மெதுவாக நடந்து ஒரு சலவைக் கடைக்குப் பக்கத்தில் இருந்த குறுகலான படியில் ஏறிக்கொண்டிருந்தாள். செக்கர் பூனைபோலப் பின்னால் போனார். படி திரும்பும் இடத்தில் நின்றார். மேலே திறந்த கதவு, வாசலில் பெண்களின் செருப்புகள், உள்ளே பல பேர் சேர்ந்து மூச்சை இழுத்து விடும் சத்தம்.

"இழுங்க... மெதுவா விடுங்க. வலி வரும்போது அதோட சண்டை போடக்கூடாது" என்றது வயசான ஒரு பெண் குரல். பிரசவ நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று கதவில் இருந்த பலகையில் எழுதியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அங்கே அவர் பயிற்சி கொடுக்கிறார்.

இவ்வளவுதானா என்று செக்கருக்கு உயிர் திரும்பி வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து போயிருக்கலாம். ஆனால் அதற்குள் நர்ஸம்மா, பிரசவ அறையில் யார் கூட இருக்கப்போகிறார்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

"எங்க அம்மா" என்றது அவர் மனைவியின் குரல்.

"வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் உள்ள வேணாங்க." உடனே சேர்த்துச் சொன்னாள். "கெட்டவர் இல்ல. என்மேல உயிரையே வச்சிருக்கார். ஆனா அவர் பக்கத்துல இருந்தா நான் என் வலியப் பார்க்க முடியாது. அவர் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். ஸ்கேன்ல போய் மெஷினை எப்ப சர்வீஸ் பண்ணினீங்கன்னு கேட்டார்."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"எனக்கே பயமாத்தான் இருக்கு. அவர் பயத்தையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்ல."

செக்கர் சத்தம் போடாமல் இறங்கினார். சலவைக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "யாரைப் பார்க்கணும்?" என்று சந்தேகமாகக் கேட்டார். "யாரையும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருந்தை வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா, "ஏதாவது கேக்கணுமா?" என்று அவரைப் பார்த்தே கேட்டும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார். இப்போது மனைவிக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றால் என்னவோ நடந்திருக்கிறது. சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் துழாவினாள். டிப்போவுக்குப் போன் போட்டு, வேலையில் ஏதாவது பிரச்சினையா என்று அவருடைய சிநேகிதரிடம் விசாரித்தாள். கடைசியில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டுவிட்டாள்.

"டாக்டர் உங்ககிட்ட மட்டும் ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க? என் வயித்துல புளியக் கரைக்காதீங்க. சொல்லுங்க."

"அந்தச் சலவைக் கடை மாடிக்கு வந்தேன்" என்றார் அவர். "படிக்கட்டுல உட்கார்ந்திருந்தேன்."

அவள் முகம் சிவந்தது. "என் பின்னாடியே வந்தீங்களா? எதுக்கு, டிக்கெட் எடுத்தேனான்னு பார்க்கவா?"

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு நைசாக உள்ளே போய்விட்டார்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்றார் செக்கர்.

"சொன்னா அந்த நர்ஸம்மா எங்க படிச்சாங்கன்னு போய்க் கேப்பீங்க. அக்கா கதை எனக்கும் தெரியும். நினைச்சா எனக்கும் தூக்கம் வராது. ஆனா நான் உங்க அக்கா இல்லங்க."

இரண்டு நாள் வீட்டில் பேச்சு வேண்டிய அளவுக்கு மட்டும் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் அவளுக்குச் செருப்பை மாட்டிவிடக் குனிந்தபோது செக்கர் நிமிராமலே சொன்னார்: "நான் வெளியவே இருக்கேன். அத்தை உள்ள இருக்கட்டும்." அவள் அவர் தலையில் ஒரு கணம் கையை வைத்தாள்.

வலி ஒரு காலைப்பொழுதில் கண்ணாடிக் கடையிலேயே ஆரம்பித்தது. முதலாளியே காரில் ஏற்றி, வழியில் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். செக்கர் டூட்டிப் பேருந்திலிருந்து நடுவழியில் இறங்கி ஓடிவந்தபோது இரண்டு பேரும் உள்ளே போயிருந்தார்கள். சொன்ன சொல் மாறாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். போகிற வருகிற சிஸ்டர்களை எல்லாம் கண்ணாலேயே சோதித்தார். இவர் ஏன் வேகமாகப் போகிறார்? அவர் ஏன் சிரித்தார்? அந்த டிரேயை ஏன் மூடிக்கொண்டு போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்ததை எல்லாம் விழுங்கினார்.

மத்தியானம் ஒரு சிஸ்டர் கதவைத் திறந்தார். "உங்க மனைவி கூப்பிடறாங்க."

உள்ளே அவள் வியர்த்து நனைந்து ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் மெஷின். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிறாங்க. எனக்குக் கேக்க வரல. நீங்க கேளுங்க."

செக்கர் டாக்டரம்மாவிடம் திரும்பினார். ஆயிரம் கேள்வி முட்டிக்கொண்டு வந்தது. "என்ன நடக்குதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா மெஷினைச் சுட்டிக் காட்டினார். "வலி வரும்போது குழந்தையோட துடிப்பு குறையுது. வலி போனதும் ஏறிடுது. அதான் ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கோம். ஏற லேட்டாச்சுன்னா ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துடுவோம். பயந்துடுவாங்கன்னு சொல்லல."

"இப்பதான் பயம் குறைஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

அவள் போகச் சொல்லவில்லை. அவரும் போகவில்லை. மாமியார் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே வந்து, "லேட்டாகுது, எடுத்துடலாம்" என்றார். இந்தத் தடவை மறைக்காமல் சொன்னார். செக்கர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மூடிய கதவுக்கு வெளியே செக்கர் சிலையாக நின்றார். மாமியார் அவர் சட்டைக் கையைத் தொட்டார்.

"மாப்பிள்ளை, எதையாவது கேட்டுக்கிட்டே இருங்க. நீங்க பேசாம நின்னா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

செக்கர் மாமியார் பக்கம் திரும்பினார். "இவ பிறந்தப்ப எப்படி இருந்துச்சு அத்தை?"

மாமியார் சொல்லத் தொடங்கினார். கதை பாதியில் இருக்கும்போதே உள்ளே ஒரு அழுகை கேட்டது. மெலிசாக ஆரம்பித்து, பிறகு கோபமாக.

பெண் குழந்தை. சாயங்காலம் அறைக்கு வந்தபின் மனைவி உதடு காய்ந்து கிடந்தாள். சிஸ்டர் சொன்னபடி செக்கர் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றி எடுத்தார். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது.

"தூக்குங்க" என்றாள் மனைவி.

அவர் தொட்டிலைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார். "எந்தப் பக்கமாத் தூக்கணும் அத்தை?"

மாமியார் அவர் ஒரு கையை எடுத்துக் குழந்தையின் கழுத்துக்குக் கீழும் இன்னொன்றை இடுப்புக்குக் கீழும் வைத்துவிட்டார். செக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வாயை முன்னைவிடப் பெரிதாகத் திறந்து அழ ஆரம்பித்தது.