பஞ்சு வைத்த கையுறை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அப்பாவின் தோல் கையுறைகள் தொங்கும். தங்கச் சுரங்கத்தில் அவர் பாறை துளைக்கும் ட்ரில் பிடித்த காலத்தில் கம்பெனி கொடுத்தவை. சுரங்கம் மூடிய பிறகு ஹெல்மெட்டும் பூட்ஸும் எங்கெங்கோ போய்விட்டன. இவை மட்டும் நின்றன. உள்ளங்கைப் பக்கம் தோல் கறுத்து விறைத்து, உள்ளே யாருடைய கையோ இருப்பது போலவே வளைந்திருக்கும். ஒரு டிசம்பரில் அப்பா அவற்றை இறக்கி, தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் போட்டு, ஒவ்வொரு விரலின் நுனியிலும் பஞ்சைத் திணித்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணியின் விரல்கள் சின்னவை. பஞ்சு இல்லாவிட்டால் நழுவிவிடும்.

அண்ணி பெங்களூரில் கார்மெண்ட்ஸில் தையல் மெஷினில் இருந்தார். நான் அங்கே கல்லூரியில் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணன் லாரியோடு வெளியூர்களிலேயே கிடப்பான். அதனால் விடியும் முன்னே ஊரிகம் ஸ்டேஷனுக்கு நாங்கள் இருவரும்தான் சேர்ந்து நடப்போம். அப்படி ஒரு காலையில் பிளாட்பாரத்து விளக்கின் கீழே அண்ணி கையை நீட்டிக் காட்டினார். மூன்று விரல்கள் பாதிவரை வெளுத்திருந்தன. நடுவில் கோடு கிழித்தது போல, ஒரு பக்கம் அவருடைய மாநிறம், மறுபக்கம் மெழுகுவத்தி. ரயில் ஏறிய பிறகு அவை நீலமாகி, பின்பு சிவந்து, எரிச்சலோடு பழைய நிறத்துக்குத் திரும்பின. தினமும் எங்களோடு வரும் பக்கத்து லைன் வீட்டு அக்கா பார்த்துவிட்டார். “இன்னாடி, மாமனாரு ட்ரில்ல உன் பேருக்கு எழுதி வெச்சிட்டாரா?”

“ஆமாக்கா. தங்கத்த வெள்ளக்காரன் எடுத்துனு பூட்டான், எனக்கு கைதான் மிச்சம்” என்றார் அண்ணி. பெட்டியே சிரித்தது.

சிரிப்புக்குக் காரணம், எங்கள் ஊரில் வெளுத்த விரல் யாருக்கும் புதிதில்லை. அடியில் உலை மாதிரி கொதிக்கும் பாறையில் வருஷக்கணக்காக ட்ரில் பிடித்தவர்கள், கேஜ் லிப்டில் மேலே வந்து குளிர்காற்று பட்டதும் விரல்கள் வெளுத்து நிற்பார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான். இன்றும் குளிர்காலத்தில் பால் பாக்கெட் வாங்கிவந்தால் அவர் விரல்கள் சுண்ணாம்பாக இருக்கும். அதற்காக யாரும் டாக்டரிடம் போனதில்லை. சுடுதண்ணீரில் வைப்பார்கள், பீடி பற்ற வைப்பார்கள், முடிந்தது. அண்ணியின் கையைப் பார்த்ததும் அப்பாவின் முகத்தில் கவலை வரவில்லை, ஒரு தெளிவு வந்தது. சுரங்கம் மூடியதிலிருந்து அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. “இது ட்ரில்லு கைம்மா. எனக்குத் தெரியாதா? உன் மெஷினும் நாளெல்லாம் அதிருதில்ல? சுடுதண்ணில வெச்சா திரும்பிடும்” என்றார். அன்றைக்குத்தான் கையுறைகளை ஆணியிலிருந்து இறக்கினார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன், அண்ணியும் நம்பினார்.

ஆனால் அடுத்த குளிர்காலத்துக்குள் அந்தக் கையில் வேறு என்னென்னவோ நடந்தது. காலையில் விரல்கள் வீங்கியிருக்கும். பிறகு வீக்கம் வற்றி, தோல் பளபளவென்று இறுகியது. விரலின் மேல் இருந்த சுருக்கங்கள் காணாமல் போயின. உப்பை விரலால் கிள்ள முடியாமல் ஸ்பூன் தேடினார். கோவிலில் கும்பிடும்போது இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டாமல் நடுவில் ஒரு இடைவெளி நின்றது. பார்த்த நான் பூக்கூடைக்காரி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆள்காட்டி விரல் நுனியில் சின்னதாக ஒரு புண் வந்து, எந்தக் களிம்புக்கும் ஆறாமல் உட்கார்ந்துகொண்டது. துணியை ஊசிக்குக் கீழே தள்ளுவது அந்த விரல்தான். புண்ணில் துணி நாடாவைச் சுற்றிக்கொண்டு தைத்தார். மெஷினை விட்டு எழுந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

ஒரு திங்கட்கிழமை. ரயில் நகரத் தொடங்கியிருந்தது. நான் உள்ளே ஏறிவிட்டேன். அண்ணி ஒரு கால் படியில் வைத்து, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் கையையே பார்த்தபடி கேட்டார்: “புடிச்சிட்டனா தம்பி?”

அந்தக் கேள்வி எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. கம்பி கைக்குள் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே விழுந்ததும் அவர் அழவில்லை, கையுறையைக் கழற்றினார். மற்ற விரல்கள் மெல்லச் சிவந்தன. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கருநீலமாகவே நின்றது. ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷன் வந்தும் மாறவில்லை. “இது திரும்பல தம்பி. அப்டியே கீது” என்றார். அப்பாவிடம் காட்டவேண்டும் என்றார். அடுத்து வந்த ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம்.

விரலைப் பார்த்ததும் அப்பா அண்டாவில் தண்ணீர் காய வைத்துவிட்டார். ஆவி பறந்தது. நான் ஆஸ்பத்திரி என்றேன். “இன்னாத்துக்கு டாக்டரு? எங்க ஷிப்ட்ல அத்தினி பேருக்கும் இருந்துது. எவன் விரல் விழுந்துது, சொல்லு?” என்று குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். “ரெண்டு புக்கு படிச்சவன் சொல்றது நிஜம், ட்ரில் புடிச்சவன் சொல்றது பொய்யா?” என்று அவர் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார். உணர்ச்சியே இல்லாத விரல் அது, வெந்தாலும் தெரியாது.

அண்ணி கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். “மாமா, உங்க கையக் காட்டுங்க.”

அப்பா திகைத்து நீட்டினார். காய்ப்புக் காய்த்த, நகம் உடைந்த, பெரிய கை. “மூடுங்க” என்றார் அண்ணி. அப்பா மூடினார். முஷ்டி கல் மாதிரி இறுகியது. அதன் பக்கத்தில் அண்ணி தன் கையை வைத்து மூடினார். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. பிறகு அப்பாவின் விரல் மேல்தோலைக் கிள்ளித் தூக்கினார், வந்தது. தன் விரலைக் கிள்ளினார், நகம் வழுக்கியது.

“உங்க கை மூடுது மாமா. என்னுது மூடல. இது உங்க கை இல்ல.”

அப்பா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின் எழுந்து ஸ்டவ்வை அணைத்தார். ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “கெளம்பு” என்றார்.

பெங்களூரின் பெரிய ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா ஒருவர் நகக்கண்களை விளக்குள்ள லென்ஸ் வைத்துப் பார்த்தார். சாப்பாடு விழுங்குவதில் கஷ்டமுண்டா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பின்மேல் திரும்பித் தோலையும் ரத்தக்குழாயையும் இறுக்குகிறது என்றார். ஸ்கிளிரோடெர்மா என்று பெயர் சொன்னார். “ட்ரில் புடிக்காமயே வருமா?” என்றார் அப்பா. வரும் என்றார் அவர். விரல் நிற்குமா என்று நான் கேட்டதற்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. அப்பா கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அந்த விரலையே காவல் காத்தார். நீலம் ஒரு நாள் இறங்கும், மறுநாள் ஏறும். எங்கள் மூவருக்கும் பேச்சு அதன் நிறம் மட்டும்தான். கடைசியில் விரல் நின்றது. நுனி மட்டும் கறுத்துக் காய்ந்து, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் தானாக விழுந்தது.

அண்ணி இப்போது மெஷினில் இல்லை. அதே கம்பெனியில் தைத்த துணியைப் பார்த்துத் தள்ளும் செக்கிங் வேலை. மாத்திரை நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. மாடிப்படியில் இப்போது ஒருமுறை நின்று ஏறுகிறார். நான் வேலைக்குப் போகிறேன், இன்னும் அதே ரயில்தான். குளிர்காலக் காலைகளில் அண்ணி டிபன் கட்டும்போது, அப்பா கையுறைகளைத் தன் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கிக்கொண்டு கதவருகே நிற்பார். சுடுதண்ணீர் பேச்சே கிடையாது. கிளம்பும்போது வெளியே எடுத்து நீட்டுவார். நீட்டும் விரல்கள் வெளுத்திருக்கும்.

போன வாரம் பஞ்சு நைந்துவிட்டது என்று மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலாக நிரப்பிக்கொண்டே வந்தவர், வலது ஆள்காட்டி விரல் வந்ததும் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி எடுத்தார்.